ரிங் வாங்கும் முன் லைனரை அளந்து பாருங்கள்: ஆயில் என்ஜினை வீட்டிலேயே பிரிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடைமடையில் வாய்க்கால் தண்ணீரை நம்பி நாற்றங்கால் விட்டவர்களுக்கு ஆயில் என்ஜினின் அருமை தெரியும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டாலும் தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேரப் பல நாட்கள் ஆகும். அதுவரை நாற்றைக் காப்பது என்ஜின்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசியில் என் 5 குதிரைத்திறன் என்ஜின் நீலப் புகை கக்கத் தொடங்கியது. பார்க்க வந்த மெக்கானிக் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, உட்சுவரில் டார்ச் அடித்துப் பார்த்து, விரலால் ஒருமுறை தடவிவிட்டு, "சுவர் நல்லாத்தான் இருக்கு தம்பி, ரிங் மட்டும் மாத்தினால் போதும்" என்றார். பிஸ்டனைச் சுற்றி அமர்ந்து சுவரோடு உரசி அடைக்கும் அந்த வளையங்களை அப்படியே மாற்றினோம். மூன்று வாரத்தில் புகை திரும்பி வந்தது. மறுபடி பிரித்தபோது மேல் ரிங் மூன்று துண்டாகக் கிடந்தது. நன்றாக இருப்பதாகச் சொன்ன சுவரிலும் நெடுக்குக் கீறல்கள் விழுந்திருந்தன. அந்த ஆண்டு பாதி நாற்று காய்ந்தது.

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த அந்தச் சுவர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் லைனர் குழாய், மேல்பகுதியில் ஏற்கெனவே 0.15 மி.மீ-க்கு மேல் தேய்ந்திருந்தது. யாரும் அளக்கவில்லை. முதல்முறையாக என்ஜினைப் பிரிக்கப் போகும் உங்களுக்கு அந்த இழப்பு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் சொல்லும் அளவுகள் 80 மி.மீ துளையும் 110 மி.மீ ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள, தண்ணீரால் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜினுக்கானவை. முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

1. பிரிப்பதற்கு முன்: நாள், பணம், காகிதம்

சம்பா அறுவடை முடிந்த மாசியும் பங்குனியும்தான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். அப்போது லேத் பட்டறையில் இரண்டு மூன்று நாளில் வேலை முடிந்துவிடும். வைகாசியில் கொண்டுபோனால் ஊரில் உள்ள என்ஜின்களெல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. பிரிக்க அரை நாள், கழுவ அரை நாள், நிதானமாக அளக்க இரண்டு மணி நேரம், பூட்ட ஒரு முழு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களில் முதலாவது என்ஜின் தகட்டின் புகைப்படம். மாடல், வரிசை எண் இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும், ஏனெனில் ஒரே குதிரைத்திறனில் துளை அளவு வேறுபட்ட மாடல்கள் உண்டு, கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். இரண்டாவது, தயாரிப்பாளரின் கையேடு. அது தொலைந்திருந்தால் உதிரிபாகக் கடையில் தேய்மான எல்லைகள் உள்ள பக்கத்தை மட்டுமாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஒரு நோட்டு. அளவுகள், தேதி, என்ஜின் ஓடிய மணி நேரம் ஆகியவை அதில் ஏற வேண்டும்.

செலவு: சிறு இடைவெளிகளை அளக்கும் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் எனக்கு 180 ரூபாய்க்குக் கிடைத்தது. 75 முதல் 100 மி.மீ வரை அளக்கும் மைக்ரோமீட்டரும், துளையின் உள்விட்டத்தை அளக்கும் டயல் வைத்த போர் கேஜும் சேர்ந்து ஏறத்தாழ 4,000 ரூபாய் ஆயின. பக்கத்து வயல்காரர் இருவரோடு பங்கிட்டுக்கொண்டேன். லைனர், பிஸ்டன், ரிங் சேர்ந்த செட் அப்போது 3,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. விலை கடைக்குக் கடையும் ஆண்டுக்கு ஆண்டும் மாறும் என்பதால் இரண்டு கடைகளிலாவது கேளுங்கள். ஆனால் அளக்கும் முன் எதையும் வாங்காதீர்கள். ரிங் செட்டை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு லைனரே மாற்ற வேண்டும் என்று தெரிந்தால், செட்டோடு வரும் ரிங் போக முதலில் வாங்கியது வீண்.

2. பிரிக்கும்போதே பார்க்க வேண்டியவை

கோளாறு சுவரில்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். என்ஜின் சூடாக ஓடும்போது கிராங்க் அறையின் காற்று வெளியேறும் பிரீதர் வழியாகப் புகை 'புஸ் புஸ்' என்று தள்ளினால், எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று பொருள். பெட்ரோல் வண்டிக்காரர்கள் சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு அழுத்தம் கூடுகிறதா என்று பார்ப்பார்கள், கூடினால் கோளாறு ரிங்கிலோ சுவரிலோ என்று முடிவு செய்வார்கள். டீசலில் அது ஏமாற்றும். என் என்ஜினின் கொள்ளளவு 553 கன செ.மீ, அழுத்த விகிதம் 16.5. அதாவது பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 36 கன செ.மீ மட்டுமே. அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் 5 கன செ.மீ இடத்தை அடைத்தால், சுவர் எப்படி இருந்தாலும் அழுத்தம் கூடியதாகத்தான் காட்டும்.

ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டனை மேலே தள்ள அவசரப்படாதீர்கள். சிலிண்டரின் வாயிலிருந்து சற்றுக் கீழே நகத்தால் தடவினால் ஒரு படி தட்டுப்படும். அது வெறும் கரியாக இருக்கலாம், உலோகப் படியாகவும் இருக்கலாம். மரத்துண்டாலோ பித்தளைத் தகட்டாலோ கரியைச் சுரண்டிய பின்னும் படி இருந்தால் அது தேய்மானப் படி: ரிங் போய்வரும் இடம் தேய்ந்து, ரிங் எட்டாத மேல் விளிம்பு பழைய அளவிலேயே நிற்கிறது. என் புது ரிங்கை உடைத்தது இந்தப் படிதான். தேய்ந்த பழைய ரிங்கின் விளிம்பு படிக்கு ஏற்ப உருண்டிருக்கும். புது ரிங்கின் கூர்மையான விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் அதில் போய் மோதும்.

பிஸ்டனை எடுக்கும் முன் கனெக்டிங் ராடுக்கும் அதன் மூடிக்கும் ஒரே பக்கத்தில் குறி இடுங்கள். லைனரின் மேல் முகத்தில் கிராங்க் நீளும் திசையை அழியாத மையால் குறியுங்கள். இந்தக் குறி இல்லாமல் லைனரை உருவி எடுத்துவிட்டால், பின்னால் பார்க்கும் தடங்களில் பாதிக்குப் பொருள் தெரியாது.

3. கழுவுதல்

டீசலில் நனைத்த துணியால் பிசுக்கை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, உடனே மெல்லிய ஆயில் பூசுங்கள். வார்ப்பிரும்பு நம் ஊர்க் காற்றில் அரை மணி நேரத்தில் துருவேறிவிடும். இந்த நிலையில் எமரித்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, தடயம் அழிந்துவிடும்.

4. தடங்களைப் படித்தல்

காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் லைனரை வைத்து, உள்ளே ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டி வைத்து, மெல்லச் சுழற்றிப் பாருங்கள். எங்கே, எந்தத் திசையில், எவ்வளவு நீளம் என்று நோட்டில் படமாக வரையுங்கள். ஏன் கெட்டது என்று சுவர் சொல்லும் இடம் இதுதான் என்பதால் இதற்கு நேரம் கொடுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் புது லைனர் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கான இரண்டு பக்கங்களிலும் மேல்பகுதி பளபளவென்று தேய்ந்திருந்தால் அது வயதின் இயல்பான தேய்மானம். எரிப்பின் அழுத்தம் ரிங்கைச் சுவரில் இறுக்கும் இடமும், பிஸ்டன் நின்று திரும்புவதால் ஆயில் படலம் மெலியும் இடமும் அதுவே. சுற்றிலும் மங்கலாக, எண்ணற்ற மெல்லிய நெடுக்குக் கீறல்கள் மேலிருந்து இறங்கினால் தூசி உள்ளே போயிருக்கிறது. ஆயில் பாத் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். கிண்ணத்தில் ஆயிலுக்குப் பதில் சேறு இருக்கும், அல்லது குழாய் இணைப்பு விரிந்திருக்கும். கதிரடிக்கும் களத்துக்கு அருகில் ஓடும் என்ஜின்களில் இதை அதிகம் பார்க்கிறேன்.

உலோகம் உருகி இழுத்ததுபோல, விரல் அகலத்துக்குச் சொரசொரப்பாக இருந்தால் அது சூட்டினால் பிஸ்டன் பிடித்த அடையாளம். நம் பம்ப்செட்டுகளில் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பெரும்பாலும் பம்பின் டெலிவரியிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாகத்தான் வருகிறது. ஃபுட் வால்வில் சருகு சிக்கிப் பம்ப் காற்று வாங்கினாலும், அந்தச் சிறு குழாயில் வண்டலோ பாசியோ அடைத்தாலும் என்ஜினுக்குத் தண்ணீர் நின்றுவிடும். புது லைனர் பூட்டும் முன் அந்தக் குழாயையும் தண்ணீர் உறையையும் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

பின்னின் இரு முனைகளுக்கு நேராக ஆழமான ஒற்றைப் பள்ளம் இருந்தால் பின் பூட்டு கழன்று சுவரை உழுதிருக்கிறது. அந்த லைனரை அளக்கவே வேண்டாம். ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயும் மட்டும் தேய்ந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். ராடைப் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் சொட்டினால் டீசல் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும், அப்போது ஒரு பக்கம் மட்டும் வறண்டு உரசியிருக்கும்.

துருவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் என் கொட்டகைக் கூரையைப் பிய்த்துப் போட்டபோது என்ஜின் பல நாட்கள் மழையில் நின்றது. பிஸ்டன் நின்ற உயரத்தில், ரிங் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில், சுவரைச் சுற்றி ஒரு துரு வளையம் விழுந்திருந்தது. துடைத்தால் போகும் மேல் துருவால் கெடுதல் இல்லை. துடைத்த பின்னும் கரும்புள்ளியாகக் குழி தெரிந்தால், ஒவ்வொரு குழியும் ஆயிலைத் தேக்கி எரியவிட்டு, ரிங்கின் விளிம்பையும் கொறிக்கும்.

கீறல் எவ்வளவு ஆழம் என்பதற்குப் பட்டறைகளில் நகச் சோதனை செய்வார்கள். கீறலுக்குக் குறுக்கே நகத்தை இழுக்கும்போது தட்டாமல் போனால் ஹோனிங்கில், அதாவது சுவரைக் கல்லால் மெல்லத் தேய்ப்பதில், போகக்கூடியது. தட்டி நின்றால் போகாது. கீறலைப் பொறுத்தவரை இது நல்ல சோதனை. ஆனால் தேய்மானத்தைப் பற்றி நகம் எதுவும் சொல்லாது. என் மெக்கானிக்கின் விரல் தவறியது இங்கேதான்.

விரிசல் இருக்குமோ என்று ஐயம் வந்தால், அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்கு துடைத்து உலர்த்தி, சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசுங்கள். விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும்.

5. அளத்தல்

சித்திரை, வைகாசி வெயிலில் திண்ணையில் கிடந்த லைனரையும் வீட்டுக்குள்ளிருந்த கருவியையும் வைத்து அளக்காதீர்கள். 15 டிகிரி வேறுபாட்டுக்கு 80 மி.மீ வார்ப்பிரும்பு 0.013 மி.மீ அளவுக்கு விரியும். லைனர், மைக்ரோமீட்டர், போர் கேஜ் மூன்றையும் இரவே ஒரே அறையில் வைத்துவிட்டு விடியற்காலையில் அளந்தால் இந்தப் பிழை ஏறத்தாழ மறைந்துவிடும்.

மைக்ரோமீட்டரைச் சரியாக 80.00 மி.மீ-க்கு வைத்துப் பூட்டி, அதற்குள் போர் கேஜை வைத்து டயலைச் சுழியத்துக்குத் திருப்புங்கள். பின்பு கேஜைச் சிலிண்டருக்குள் இறக்கி முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். முள் ஒரு பக்கம் போய்த் திரும்பும். அது திரும்பும் புள்ளியில் காட்டும் அளவே துளையின் விட்டம். துளை சிறியதாக இருந்தால் கேஜின் முனை உள்ளே அழுந்தி முள் வலமாகச் சுற்றும். துளை பெரிதானால் இடமாகப் போகும். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் படித்து, தேய்ந்த லைனரைப் புதியதைவிடச் சிறியதாக எழுதிவிடுவார்கள்.

மூன்று உயரங்களில் அளக்க வேண்டும்: படிக்குச் சற்றுக் கீழே மேல் ரிங் திரும்பும் இடம், நடு, ரிங் எட்டாத அடிப்பகுதி. ஒவ்வோர் உயரத்திலும் கிராங்குக்கு நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என ஆறு அளவுகள். ஒவ்வொன்றையும் இருமுறை எடுங்கள், 0.01 மி.மீ-க்கு மேல் வேறுபட்டால் மூன்றாம் முறையும் எடுங்கள். என் நோட்டில் இருந்தவை இவை:

மேலே: குறுக்கில் 80.21, நெடுக்கில் 80.15
நடுவில்: குறுக்கில் 80.11, நெடுக்கில் 80.08
அடியில்: குறுக்கில் 80.03, நெடுக்கில் 80.02

ஒரே திசையில் மேலுக்கும் அடிக்கும் உள்ள வேறுபாடு டேப்பர். எனக்குக் குறுக்கில் 0.18 மி.மீ. ஒரே உயரத்தில் இரு திசைகளுக்கும் உள்ள வேறுபாடு ஓவல், மேலே 0.06 மி.மீ. டேப்பர் கூடினால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் ரிங் விரிந்து சுருங்கிக் களைக்கும், பிஸ்டனில் அது உட்காரும் காடி தளரும். ஓவல் கூடினால் வட்டமான ரிங் சுவரை முழுவதுமாகத் தொடாது. இந்த இரண்டையும் கையேட்டின் எல்லையோடு ஒப்பிடுங்கள்.

பிஸ்டனையும் மறக்காதீர்கள். பின்னுக்குக் குறுக்கே, ரிங்குகளுக்குக் கீழுள்ள பாவாடைப் பகுதியில், கையேடு சொல்லும் உயரத்தில் அளந்து சிலிண்டர் அளவிலிருந்து கழித்தால் இடைவெளி கிடைக்கும்.

6. போர் கேஜ் இல்லாதவர்களுக்கு

பழைய ரிங் ஒன்றும் ஃபீலர் கேஜும் போதும். ரிங்கைச் சிலிண்டரின் அடிப்பகுதியில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டுத் தள்ளி நேராக்குங்கள். ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜின் தகடுகளை அடுக்கி அளந்து எழுதுங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, மிகத் தேய்ந்த இடத்தில் வைத்து அளங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் உள்ள வேறுபாடு வரும். எனக்கு அடியில் 0.90, மேலே 1.40, வேறுபாடு 0.50, வகுத்தால் 0.16 மி.மீ. போர் கேஜ் காட்டிய இரு திசை டேப்பர்களின் சராசரியும் இதே அளவில்தான் இருந்தது.

இந்த முறையில் ஓவல் தெரியாது. இருந்தாலும் ரிங் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு ஒரு ஃபீலர் கேஜின் செலவிலேயே விடை கிடைத்துவிடுகிறது. ஹெட்டைத் திறக்கும் ஒவ்வொருவரும் இதையாவது செய்ய வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

7. லைனரின் வெளிப்பக்கம்

தண்ணீர் நேரடியாகத் தொடும் லைனர் என்றால் வெளிப்பக்கத்தையும் பாருங்கள். கடலோரத்தின் உப்புத் தண்ணீரில் ஓடிய என்ஜின்களில் கெட்டியான படிவும் அதன் அடியில் குழிகளும் இருக்கும். உள்ளே அளவு சரியாக இருந்தாலும் வெளியே ஆழமான குழி இருந்தால் லைனரைக் கழித்துவிடுங்கள். அடியில் உள்ள ரப்பர் வளையங்கள் இறுகிப் போயிருந்தால் தண்ணீர் ஆயிலில் இறங்கும். பால் கலந்ததுபோல ஆயில் வெளுத்திருப்பதே அடையாளம். லைனரை உருவினால் வளையங்களை மாற்றியே ஆக வேண்டும்.

8. முடிவெடுத்தல்

கையேட்டின் எல்லைதான் முடிவான அளவு. அது கைக்குக் கிடைக்காதபோது நான் கைக்கொள்ளும் கணக்கைச் சொல்கிறேன். டேப்பரும் ஓவலும் 0.05 மி.மீ-க்குள் இருந்து, நகம் தட்டும் கீறல் இல்லையென்றால், ஹோனிங் செய்து புது ரிங் போடலாம். 0.10-ஐத் தாண்டிவிட்டால் ரிங்கை மட்டும் மாற்றுவதை நான் நம்புவதில்லை. இடைப்பட்ட நிலையில், குறுவைக்கு நாள் நெருங்கிவிட்டதென்றால், படியை ரீமர் கொண்டு நீக்கிவிட்டு ஒரு பட்டம் ஓட்டலாம். அறுவடைக்குப் பின் மறுபடி திறக்க வேண்டும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள்.

எல்லை தாண்டியபின் இரண்டு வழிகள். பிளாக்கிலேயே துளையுள்ள என்ஜின் என்றால் போரிங் செய்து (துளையைக் கடைந்து பெரிதாக்கி) 0.25 அல்லது 0.50 மி.மீ பெரிய பிஸ்டன் போட வேண்டும். கழற்றக்கூடிய லைனர் என்றால் புது செட் வாங்குவதே மேல் என்பது என் கருத்து: போரிங் கூலியும் பெரிய பிஸ்டனின் விலையும் சேர்ந்தால் புது செட்டின் விலைக்கு அருகில் வந்துவிடும், காத்திருக்கும் நாளும் மிச்சம்.

9. பட்டறையில் ஏமாறாமல் இருக்க

பட்டறைகளில் 'தவு' கணக்கில் பேசுவார்கள். ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ. '10 ஓவர்சைஸ்' என்றால் 10 தவு, ஏறத்தாழ 0.25 மி.மீ, அதை 0.10 மி.மீ என்று புரிந்துகொண்டு பிஸ்டன் வாங்கி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். வேண்டிய அளவை மில்லிமீட்டரில் தாளில் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள்.

பிஸ்டனை முதலில் வாங்கிப் பட்டறையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்பத் துளைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அங்கேயே ஆறு அளவுகளையும் உங்கள் முன் எடுத்துக் காட்டச் சொல்லி, பில்லில் குறிக்கச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி இதற்குக் கோபப்பட மாட்டார். உதிரிபாக பில்லை, என்ஜின் பழகும் வரை, பெட்டியோடு வைத்திருங்கள். பூட்டிய பொருளைப் பெரும்பாலான கடைகள் மாற்றித் தருவதில்லை என்பதால் அளவைக் கடையிலேயே சரிபார்ப்பது நல்லது.

ஹோனிங் ஆன சுவரில் கோடுகள் ஒன்றையொன்று 45 முதல் 60 டிகிரி கோணத்தில் குறுக்காக வெட்ட வேண்டும். மேலும் கீழுமாக நேர்க்கோடுகள் மட்டும் இருந்தால் எமரித்தாளால் தேய்த்திருக்கிறார்கள். வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

10. கழுவிப் பூட்டுதல்

ஹோனிங் கல்லின் துகள் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் போகாது. கோடுகளுக்குள் தங்கிப் புது ரிங்கை அரைக்கும். வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டுப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளை வேட்டித் துணியில் சிறிது ஆயில் தொட்டு உள்ளே துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டக் கூடாது. எனக்கு நான்கு முறை கழுவ வேண்டியிருந்தது. சுத்தமானதும் அந்த நொடியே ஆயில் பூசுங்கள்.

புது ரிங்குகளை ஒவ்வொன்றாகச் சிலிண்டரில் வைத்து முனை இடைவெளியைப் பாருங்கள். கையேடு இல்லையென்றால் 25 மி.மீ துளைக்கு 0.10 மி.மீ என்ற கணக்கில் 80 மி.மீ-க்கு 0.32 மி.மீ அளவில் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு ரிங் சுவரைக் கிழிக்கும். முனைகளை ஒரே கோட்டில் வைக்காமல் சுற்றிலும் பிரித்து வைத்துப் பூட்டுங்கள்.

ஓட்டத் தொடங்கியதும் மணிக்கணக்கில் சும்மா ஓடவிடாதீர்கள். சுமை இல்லாமல் ஓடினால் ரிங் சுவரில் அழுந்தாமல், ஆயில் சுட்டுப் படிந்து சுவர் கண்ணாடிபோல் மினுங்கிவிடும். சில நிமிடம் சூடேறியதும் பாதித் தண்ணீர் இறைக்கவிட்டு, மெல்ல முழுச் சுமைக்குக் கொண்டுவாருங்கள். முதல் நாள் ஓட்டத்துக்குப் பின் என்ஜின் குளிர்ந்ததும் ஹெட் நட்டுகளைக் கையேடு சொல்லும் வரிசையில் மறுபடி முறுக்குங்கள். 25 மணி நேரத்தில் ஆயிலை மாற்றி, வடித்த ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு ஒட்டினால் பழகும் தேய்மானம், ஊசிபோன்ற துகள்கள் ஒட்டினால் என்ஜினை நிறுத்திவிட்டு மறுபடி திறக்க வேண்டும்.